கொட்டாய்க்கு எந்த ஷீட்டு?

திருவண்ணாமலையில் திண்டிவனம் சாலையில் இருந்த சின்னசாமி இரும்புக் கடையில் பொன்னி பதினான்கு வருஷமாக வேலை பார்த்து வந்தாள். கம்பி, ஆங்கிள், பைப்பெல்லாம் கடையின் பின்பக்கம். முன்பக்கம் முழுக்கக் கூரை ஷீட்டுகள். கூரை கேட்டு வருகிறவர்களிடம் பேசி, அளவு வாங்கி, எத்தனை ஷீட் பிடிக்கும் என்று சொல்வது அவள் பொறுப்பு. முதலாளி சின்னசாமிக்குக் கம்பி வியாபாரம்தான் கைவந்தது. ஷீட் விஷயம் என்றால், "பொன்னியக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுவார்.

அவள் புருஷன் சுப்பன் லாரி டிரைவர். கல்யாணமாகி நாலாவது வருஷம், தொண்ணூறில், நாசிக் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போனான். ஒரு மாதம் கழித்து லாரி திரும்பி வந்தது. வேறு ஒருத்தன் ஓட்டி வந்தான். சுப்பன் வழியில் இறங்கிப் போய்விட்டான் என்று மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கே இறங்கினான், ஏன் இறங்கினான் என்பதெல்லாம் யாருக்கும் தெரியவில்லை. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாததால் பொன்னி தாலியைக் கழற்றவும் இல்லை, தலைக்குப் பூ வைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு வருஷம் அம்மா வீட்டில் இருந்து பார்த்தாள். பிறகு டவுனுக்கு வந்து, பேய்க்கோபுரத் தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். இப்போது வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது.

அந்த அறைக்குப் போனால் பேச ஆள் கிடையாது. கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் தண்ணீர் வந்தால் கூப்பிடுவார்களே தவிர வேறு பேச்சு இல்லை. ஒரு நாளில் அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் அடியும் மில்லிமீட்டருமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. சில ஞாயிறுகளில் சாயங்காலம் எதற்கோ வாயைத் திறக்கும்போது தன் குரல் கம்மியிருப்பதைக் கேட்டு அவளே திடுக்கிட்டிருக்கிறாள்.

இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு, கையில் குடையும் தோளில் துணிப்பையுமாக ஒருவர் கடைக்குள் வந்தார். ஐம்பத்தேழு வயது இருக்கும். சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டிருந்தார். பெயர் பரசுராமன், கீழ்பென்னாத்தூர் பக்கம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் என்று அவராகவே சொன்னார்.

"மாட்டுக் கொட்டாய்க்கு மேல போடணும்மா. இப்ப ஓலக் கூரதான் இருக்குது. ரெண்டு மாடு. என்ன ஷீட்டு போடலாம்?"

பொன்னி இரண்டு துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் பூப்பூவாகப் பெரிய வெள்ளிப் படலம். இன்னொன்றில் நுணுக்கு மணல் தூவினாற்போல் மினுமினுப்பு.

"ரெண்டுமே உள்ள இரும்புத் தகடுதான் சார். மேல பூசுறதுலதான் வித்தியாசம். இந்தப் பெரிய பூ போட்டது ஜிங்க் ஷீட்டு. வெறும் துத்தநாகம். இது அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசுனது. கொஞ்ச வருஷமாத்தான் வருது."

"துத்தநாகம் பூசினா இரும்பு ஏன் துருப்பிடிக்க மாட்டேங்குது?"

பதினான்கு வருஷத்தில் இந்த 'ஏன்' என்பதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எவ்வளவு, எப்போது கிடைக்கும், வண்டி உண்டா, இதோடு சரி. பொன்னி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"கீறல் விழுந்தாக்கூட, அது பக்கத்துல இருக்குற துத்தநாகம்தான் முதல்ல அரிச்சிப் போவும் சார். அது தீர்ற வரைக்கும் இரும்ப தொட வுடாது."

பரசுராமன் சிரித்தார். "இததான் நான் பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு முக்கால் மணி நேரம் சொல்றேன். நீங்க ரெண்டு வரில சொல்லிட்டீங்க."

பொன்னிக்கு முகம் சூடானது. மேஜையில் இல்லாத தூசியைக் கையால் தட்டினாள்.

"சரி, மாட்டுக் கொட்டாய்க்கு ரெண்டுல எது?"

பதில் பொன்னிக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன இங்கிலீஷ் புத்தகத்தை அவள் அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்திருந்தாள். கால்நடைக் கொட்டகைக்கு அலுமினியம் கலந்தது கூடாது என்று அதில் தனியாகக் கட்டம் போட்டே இருந்தது. மூத்திரத்திலிருந்து எழும்பும் ஆவி கீழ்ப்பக்கமாகப் போய் ஒட்டி அலுமினியத்தைத் தின்றுவிடும். புத்தகத்தை விடுங்கள், கண்ணாலேயே பார்த்திருந்தாள். கலசப்பாக்கத்துப் பக்கத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ஒருவர், போட்டு நாலு வருஷம்கூட ஆகாமல் சல்லடைபோல் ஓட்டையாகிப்போன அலுமினிய ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் போட்டுவிட்டுக் கத்தினார். நீ ஒழுங்காகப் பொருத்தவில்லை என்று சின்னசாமி அவரையே திருப்பிக் கத்தி அனுப்பினார்.

ஆனால் அந்த வருஷம் சின்னசாமி அலுமினிய ஷீட்டை ஒரு லாரி நிறைய இறக்கியிருந்தார். யார் வந்தாலும் அதையே முதலில் காட்டு என்று சொல்லி வைத்திருந்தார். இப்போதும் கல்லாவிலிருந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கும் சார்," என்றாள் பொன்னி. "ஜிங்க் கெட்டி. இது சூடு கம்மி. யோசிச்சு செய்யுங்க."

"அப்ப அவசரப்படாம பாக்கலாம். நான் ரெண்டுலயும் ஒரு துண்டு எடுத்துட்டுப் போறேனே. கொட்டாய்க்குள்ளயே கட்டித் தொங்கவிட்டுப் பாத்துடலாம். மாடே சொல்லட்டும்."

அவள் இரண்டு துண்டுகளையும் கையைக் கிழிக்காதபடி செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் சனிக்கிழமை, மறுபடியும் பதினொரு மணிக்கு வந்தார். துண்டுகளையும் கொண்டுவந்திருந்தார். ஜிங்க் துண்டில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. அலுமினியத் துண்டின் ஓரத்தில் மிளகளவு கறுப்புப் புள்ளிகள்.

"ரெண்டுலயும் என்னமோ நடக்குது," என்றார். "எது நல்லதுக்கு, எது கெட்டதுக்குன்னுதான் புரியல."

அன்றைக்கு முதலாளி கடையில் இல்லை. சென்னைக்குப் போயிருந்தார். வெள்ளை மாவு ஒன்றும் செய்யாது, கறுப்புப் புள்ளிதான் ஓட்டையாகும் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் அப்போதே ஜிங்க் ஷீட்டுக்குச் சொல்லிவிட்டு, வண்டி பேசி ஏற்றிக்கொண்டு போயிருப்பார். பிறகு எதற்கு வரப் போகிறார்?

"இன்னும் ரெண்டு வாரம் பாருங்களேன் சார்," என்றாள்.

"அதுவும் சரிதான். ஒரு மாசமாவது பாக்கணும்."

எதிர்க் கடையிலிருந்து டீ சொன்னாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து குடித்தார். மனைவி காசியம்மாள் போன வருஷம் மாசியில் போய்விட்டாள் என்று சொன்னார். மஞ்சள் காமாலை. மகள் அபிநயா ஓசூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே கம்பெனி வேலை. இவர் தனியாகச் சமைத்து, பள்ளிக்கூடம் போய், வந்து மாட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

"மாடு எதுக்கு, வித்துடுங்கன்னு பொண்ணு சொல்லுது. செவலைய காசியம்மா கன்னுக்குட்டியா வாங்கிட்டு வந்தா. ராத்திரி அது அசைபோடுற சத்தம் கேக்கலன்னா வீடு என்னமோ மாதிரி ஆயிடும்மா."

பொன்னி தலையாட்டினாள்.

"உங்க வீட்டுல யாரு யாரு?"

"நான்தான் சார்."

அவர் அவள் கழுத்தை ஒரு தடவை பார்த்தார். மேலே எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதும் அவளுக்குப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் ஒரு சனி விட்டு ஒரு சனி என்று ஆகிவிட்டது. ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் துண்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். இருவரும் குனிந்து பார்ப்பார்கள். கறுப்புப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. "பூச்சு எத்தன கிராம்?" என்று கேட்பார். "வெட்டுன ஓரத்துல என்ன ஆவும்? திருகாணி அடிக்கிற எடத்துல?" என்பார். தெரிந்ததையெல்லாம் அவள் சொன்னாள், ஒன்றைத் தவிர. ஷீட் பேச்சு முடிந்து வேறு பேச்சும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பசங்கள் அமிலத்தைக் கொட்டிய கதை. மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் அவள் அறைக் கூரையில் ஓடுகிற கதை. ஒருநாள் அவர் பையிலிருந்து மண்ணோடு வேர்க்கடலையை எடுத்து ஒரு காகிதத்தில் கொட்டினார். "நம்ம கொல்லை மல்லாட்ட. அவிச்சு சாப்பிடுங்க." அதை அவள் மூன்று நாளைக்கு வைத்துச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தலைக்கு எண்ணெய் தடவும்போதே மறுநாள் சனி என்பது ஞாபகம் வரும். வராத சனியில் நாள் நீளமாக இருக்கும். இது தப்பு என்றும் தோன்றும். இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் கடைக்குப் போவாள். அவர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டதும், அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. வரவேண்டிய சனிக்கிழமை அவர் வரவில்லை. பஸ் ஓடியிருக்காது என்று பொன்னி நினைத்தாள். மத்தியானம் பஸ் ஓடுவதை வாசலில் நின்று பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை கடை திறந்து பூஜை போடுகிற நேரத்தில் பரசுராமன் வந்தார். குடை இல்லை. பேன்ட்டு முழங்கால்வரை சேறு. தாடி இரண்டு நாள் வளர்ந்திருந்தது. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"கொட்டாய் விழுந்துடுச்சும்மா," என்றார். "வெள்ளிக்கிழம விடியக்காலம். கூரய தாங்குற பனங்கை உளுத்துப் போயிருந்திருக்குது. கூர ஈரம் குடிச்ச பாரம் தாங்கல. கறுப்பு எப்படியோ கயித்த அறுத்துட்டு வெளிய வந்துடுச்சு. செவல மாட்டிக்கிச்சு. இடுப்பு போயிடுச்சு. டாக்டர் வந்தாரு. ஊசி போட்டாரு. ஒண்ணும் ஆவல. நேத்து மத்தியானம் போயிடுச்சு."

பொன்னி ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கறுப்ப பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்துல கட்டிருக்கேன். எதையாவது குடுங்க. எது இருக்குதோ அத குடுங்க. இன்னிக்கே போட்டாவணும்."

கற்பூரத் தட்டை வைத்துவிட்டு சின்னசாமி வேகமாக வந்தார். "அடப்பாவமே. சார், அலுமினியம் ரெடியா இருக்குது. பத்தடி, பன்னெண்டடி எல்லாம் இருக்குது. இப்பவே ஏத்திடலாம். டேய், வண்டிய எடுக்கச் சொல்லு!"

"வேணாம் சார்," என்றாள் பொன்னி.

சின்னசாமி திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"மாட்டுக் கொட்டாய்க்கு அலுமினியம் ஆவாது. மூத்திரத்து ஆவி பட்டா கீழேர்ந்து தின்னுடும். அந்தக் கறுப்புப் புள்ளி அதுதான். ஜிங்க்தான் போடணும். கனமா பூசுனது. வெள்ளையா பூக்கும், ஆனா தாங்கும். குடோன்ல இருக்குது, மத்தியானத்துக்குள்ள அனுப்பிடலாம்."

வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பரசுராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிறவர் மாதிரி பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பொன்னி வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னசாமி, "சார், அதுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க வாங்க, ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசலாம்," என்று குறுக்கே விழுந்தார். பரசுராமன் அதற்கு மேல் கேட்கவில்லை. "ஜிங்க்கே குடுங்க," என்றார். பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. ஷீட்டை ஏற்றிக் கயிறு போட்டார்கள். அவர் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.

சின்னசாமி மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. நாலாவது நாள், "உனக்கு அவ்ளோ தெரிஞ்சா நீயே ஒரு கடைய போட்டுக்கோ," என்றார். அது அவளுக்கு உறைக்கவில்லை. அந்த வாத்தியார் கேட்ட கேள்விதான் உள்ளே கிடந்து அறுத்தது. அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பதிலைச் சொல்லிப் பார்ப்பாள். எப்படிச் சொன்னாலும் அது ஒரே பதிலாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினாள்.

கீழ்பென்னாத்தூரில் இறங்கி, பரசுராமன் வாத்தியார் வீடு எங்கே என்று ஒரு பெட்டிக்கடையில் கேட்டாள். ஏரிக்கரையை ஒட்டிப் போகச் சொன்னார்கள். வழி நெடுக வயலில் தண்ணீர் நின்றது. வீட்டுக்குப் பக்கத்தில் புதுக் கொட்டாய் பளபளவென்று தெரிந்தது. அவள் கடையிலிருந்து போன ஷீட். வரிசை பிசகாமல் அடித்திருந்தார்கள். உள்ளே கறுப்பு மாடு ஒன்று மட்டும் ஒரு ஓரமாக நின்றது. இன்னொரு முளைக்குச்சி காலியாக இருந்தது. அதைச் சுற்றி மண் இன்னும் பள்ளமாக இருந்தது.

பரசுராமன் லுங்கியும் பனியனுமாகச் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கூடையை வைத்துவிட்டுக் கை கழுவினார். ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. தண்ணி கொண்டாறேன்."

"வேணாம் சார். நீங்க அன்னிக்கி ஒண்ணு கேட்டீங்க. அதுக்குத்தான் வந்தேன்," என்றாள் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தபடி.

அவர் நின்றபடியே இருந்தார்.

"முதல் நாளே தெரியும் சார். நீங்க மாட்டுக் கொட்டாய்னு சொன்னப்பவே தெரியும்."

மாடு வாலால் முதுகை அடித்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"முதலாளிக்குப் பயந்துட்டீங்களா?"

அந்தப் பதிலை அவராகவே அவள் கையில் எடுத்துக் கொடுக்கிறார் என்று பொன்னிக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட. சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"முதல் தடவ அப்படித்தான். ரெண்டாவது தடவ அவரு கடையில இல்ல."

"அப்புறம் ஏம்மா?"

"சொல்லிட்டா நீங்க வாங்கிட்டுப் போயிடுவீங்க," என்றாள். "அப்புறம் வர மாட்டீங்க."

சொன்ன பிறகு அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. புடவை முந்தானையைச் சுருட்டிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பரசுராமன் கொட்டாய்க் கம்பத்தில் சாய்ந்தபடி காலி முளைக்குச்சியைப் பார்த்தார்.

"கோபம் வரலன்னு சொன்னா பொய்தான்," என்றார். "வருது. செவல ரெண்டு நாளு கத்திக்கிட்டே இருந்துச்சு. காசியம்மா வளத்தது. நான் அது தலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த நேரத்துல, ஆடியிலயே போட்டிருக்கலாமேன்னுதான் நெனச்சேன்."

"ஆமா சார்."

"ஆனா இங்கயே ரெண்டு ஷீட்டுக் கடை இருக்குது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே. எவனைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷத்துல ஏத்தி அனுப்பிருப்பான். நான் ஏன் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு அங்க வந்தேன்?"

அவர் அதை அவளிடம் கேட்கவில்லை. வானம் மூடிக்கொண்டு வந்தது. நாலைந்து பெரிய துளிகள் புது ஷீட்டில் கல் விழுகிற மாதிரி விழுந்தன. மாடு மிரண்டு ஓர் அடி நகர்ந்தது. அவர் போய் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்கு அது இன்னும் பழகவில்லை.

"நாலரைக்கு ஒரு பஸ் இருக்குதும்மா," என்றார் முதுகைக் காட்டியபடியே. "அத விட்டா ஆறு மணிக்குத்தான்."

பொன்னி எழுந்தாள். "வரேன் சார்," என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாசலைத் தாண்டும்போது, "குடை இருக்குதா?" என்ற குரல் வந்தது. "இருக்குது சார்," என்றாள். இல்லை. ஏரிக்கரையில் பாதி வழியிலேயே நனைந்துவிட்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பி வழிந்தது. மூன்று நாள் சாலையை அடைத்துவிட்டதால் கடைக்கு லோடு வரவில்லை. தீபத்தன்று கீழ்வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர்களோடு மாடிக்கு வந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பொன்னியும் அவர்களுக்குப் பின்னால் நின்று கும்பிட்டாள். எல்லோரும் இறங்கிப் போன பிறகு மாடியில் சிந்திக் கிடந்த பொரியைப் பெருக்கினாள்.

பரசுராமன் கடைக்கு வரவில்லை. அவர் வருவார் என்று அவள் நினைக்கவும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் கண் வாசலுக்குப் போகும். அதை அவளால் நிறுத்த முடியவில்லை.

ஒன்று மட்டும் மாறியது. கூரை என்று யார் வந்தாலும், அளவு கேட்பதற்கு முன்னால், "அடியில என்ன வரப்போவுது?" என்று கேட்டாள். வீடு என்றால் ஒன்று, கோழி என்றால் ஒன்று, உர மூட்டை என்றால் ஒன்று. கேட்ட உடனே பதில். இழுப்பது கிடையாது. சின்னசாமி முதலில் முணுமுணுத்தார். பிறகு, வீடு கட்டுகிறவர்கள் வெயிலுக்கு நல்லது என்று அலுமினிய ஷீட்டை அவளிடமே கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்ததும் அவர் சும்மா இருந்துவிட்டார். வந்தவர்கள் சீக்கிரம் வேலை முடிந்து சீக்கிரம் போனார்கள். அவளுக்கு நிறைய நேரம் மிஞ்சியது. அந்த நேரத்தில் எதையும் செய்யத் தோன்றவில்லை. ஷீட் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் கடை போன் அடித்தது. சின்னசாமி எடுத்துப் பேசிவிட்டு, "உனக்குத்தான், ஷீட்டு விஷயம்," என்று ரிசீவரை நீட்டினார்.

"நான் பரசுராமன் பேசறேம்மா. ஓசூர்லேர்ந்து."

பொன்னி ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள். "சொல்லுங்க சார்."

"ரிட்டயர் ஆயிட்டேன். பொண்ணு இங்கயே வந்துடுங்கன்னு ஒரே பிடிவாதம். அவங்க மாடியில ஒரு ரூம் எடுக்குறாங்க. சுவரு எழுப்பியாச்சு. மேல ஷீட்டு போடலாம்னு மாப்பிள்ள சொல்றாரு. இங்க கடைக்காரன் என்னென்னமோ சொல்றான். அதான் உங்கள ஒரு வார்த்த கேட்டுடலாம்னு."

"அடியில என்ன வரும் சார்?"

"நான்தாம்மா," என்றார்.

நூறு கேள்வி கேட்டிருக்கலாம். ரூம் எந்தத் திசை, உயரம் எவ்வளவு, ஜன்னல் எத்தனை, அளந்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரும் கூப்பிட்டிருப்பார்.

"அலுமினியம் கலந்தது போடுங்க சார். சூடு கம்மியா இருக்கும். ஒண்ணு பாத்துக்கோங்க, சுவத்து மேல ஈர சிமெண்ட்டு பூசி அதுல ஷீட்ட பதிக்க வுடாதீங்க. சிமெண்ட்டும் அதுக்கு ஆவாது. நடுவுல கட்டையோ ரப்பரோ வைக்கச் சொல்லுங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"சரிம்மா. எழுதிக்கிட்டேன்."

லைனில் ஏதோ ஒரு குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. அவர் ரிசீவரை வைக்கவில்லை.

"மாடு?" என்று கேட்டாள் பொன்னி.

"பக்கத்து வீட்டுக்காரருக்கே குடுத்துட்டேன். கொட்டாயும் அவரே வச்சிக்கட்டும்னுட்டேன். இந்த மழைக்கும் ஒழுகலையாம்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"அப்ப வச்சிடறேம்மா."

வைத்துவிட்டார். அவர் எந்த நம்பரிலிருந்து பேசினார் என்று காட்டுகிற மாதிரியான போன் இல்லை அது. கேட்டு வாங்கியிருக்கலாம் என்று அவளுக்கு வைத்த பிறகுதான் தோன்றியது. ரிசீவரை இன்னொரு தடவை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். வெறும் சத்தம். சின்னசாமி, "இன்னா, ஆர்டரா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள். "தெரிஞ்சவங்க. ஒரு விவரம் கேட்டாங்க."

வாசலில் ஒரு புருஷனும் பெண்சாதியும் கையில் அளவு எழுதிய சீட்டோடு நின்றார்கள். பொன்னி புடவையைச் சரிசெய்துகொண்டு அவர்களிடம் போனாள்.